பதினொன்றரை மணி அழைப்பு: சமூக ஊடகப் பாவனையை மட்டுப்படுத்தல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

வந்த முறைப்பாடு

மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்புறத்தே எழுவான்கரைக் (வாவிக்குக் கிழக்கே, கடற்பக்கமாக உள்ள பகுதி) கிராமம் ஒன்றில் வசிக்கும் 34 வயதுப் பெண்ணொருவர், நித்திரையின்மை, அடிக்கடி வரும் தலையிடி, காரணமின்றி நெஞ்சு படபடத்தல் ஆகிய முறைப்பாடுகளோடு வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் பலமுறை சென்று, அங்கிருந்து உளவளத்துணையாளராகிய என்னிடம் அனுப்பிவைக்கப்பட்டார். இரத்த அழுத்தமும் இரத்தச் சீனியும் சாதாரணமாகவே இருந்தன. இலேசான இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தது. அனுப்பிய கடிதத்தில் கைத்தொலைபேசி பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதற் சந்திப்பில் அவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொன்னவர் உடன் வந்திருந்த தாயார்: "இவள் போன நெஞ்சில வெச்சிக்கிட்டுத்தான் மிஸ் படுக்காள்."

இங்கு விபரிக்கப்படுபவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் மாற்றப்பட்டும், ஒத்த நிலையிலிருந்த பிறரின் விபரங்களோடு கலக்கப்பட்டும் உள்ளன. பெயர் எதுவும் தரப்படவில்லை.

குடும்பமும் வீடும்

கணவர் கட்டார் நாட்டில் கட்டட வேலைத்தளம் ஒன்றில் சாரம் கட்டும் தொழிலாளி. ஏழாம் வகுப்பில் மகளும் மூன்றாம் வகுப்பில் மகனும் படிக்கிறார்கள். தாயார் அதே வளவில் பின்வீட்டில் இருக்கிறார். இவர் வீட்டிலேயே பெண்களுக்கான சட்டைகள் தைத்துக் கொடுக்கிறார். தைத்தவற்றின் படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதன் மூலமே புதிய ஓடர்கள் வருகின்றன. ஆகவே கைத்தொலைபேசி அவருக்குப் பொழுதுபோக்கு மட்டுமல்ல, கடையின் முகப்பும் அதுதான்.

இக்குடும்பத்தின் கவலைகளை விளங்கிக்கொள்ள, கிழக்கில் வீடு என்பது யாருடையது என்பதைச் சொல்லியாக வேண்டும். இங்கு வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியேறுகிறார். பெண்பிள்ளை பெரியவளாகும் முன்னரே அவளுக்கென்று ஒரு வீட்டுக்கு அத்திவாரம் போடவேண்டும் என்ற நினைப்பு பெற்றோரை விடாது துரத்துகிறது. கணவர் கடல் கடந்து போனதும் இதற்காகத்தான். வளவின் முன்பக்கத்தில் மகளுக்கான வீடு லின்டல் மட்டத்தோடு நிற்கிறது. கம்பிகள் துருப்பிடித்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. முகநூலில் ஊரார் எவரேனும் குடிபுகுந்த படங்களை, மின்விளக்குச் சோடனையும் புதிய ஓடு பதித்த தரையுமாகப் பதிவிடும்போது, இவர் அவற்றைப் பார்ப்பது அந்தக் கம்பிகள் தெரியும் ஜன்னலோரத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான்.

மதிப்பீடு

மனச்சோர்வை அளவிடும் ஒன்பது வினாக்கள் கொண்ட பி.எச்.கியூ-9 படிவம் பயன்படுத்தப்பட்டது. 0 முதல் 27 வரை புள்ளியிடப்படும் இப்படிவத்தில் 5 தொடக்கம் 9 வரை மெல்லிய மட்டமாகவும், 10 தொடக்கம் 14 வரை மிதமான மட்டமாகவும் கொள்ளப்படுகின்றன. இவரது புள்ளி மிதமான மட்டத்தில் இருந்தது. தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய ஒன்பதாவது வினாவுக்கு இல்லை என்றே பதிலளித்தார். எனினும் அது தனியாக, தாயார் வெளியே சென்ற பின்னர் மீண்டும் கேட்டு உறுதிசெய்யப்பட்டது. எந்த நேரத்திலும் அழைக்கக்கூடிய தேசிய உளநல உதவி இலக்கமான 1926 எழுதிக் கொடுக்கப்பட்டது.

தாயார் "போன் பைத்தியம்" என்றார். அயலவர்கள் "அடிமையாகிவிட்டாள்" என்றார்களாம். இந்தச் சொற்களை ஆய்வுக்கோப்பில் எழுதுவதை நான் தவிர்த்தேன். 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 வகைப்பாட்டில் கணினி விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது; சமூக ஊடக அடிமைத்தனம் என்று ஒரு நோய் அதில் இல்லை. பெயர் சூட்டிவிட்டால் ஆராயவேண்டியது முடிந்துவிட்டது என்ற எண்ணம் குடும்பத்துக்கும் வரும், நமக்கும் வரும். இவரது விடயத்தில் ஆராயவேண்டியது அப்போதுதான் தொடங்கியிருந்தது.

கொப்பியில் எழுதப்பட்டது

முதல் வாரத்தில் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. மாலை ஆறு மணிக்குப் பின்னர் கைத்தொலைபேசியை எடுக்கும் ஒவ்வொரு முறையும், எத்தனை மணிக்கு, எதற்காக எடுத்தார், எதில் போய் முடிந்தது என்ற மூன்றையும் எழுதிவருமாறு மாத்திரமே கேட்கப்பட்டது. மகனின் பாதி முடிந்த கணிதக் கொப்பியின் பின்பக்கங்களில், அடிமட்டம் இல்லாமல் கையால் கோடு போட்டு மூன்று நிரல்களாக்கி எழுதிக்கொண்டு வந்தார். ஒரு இரவின் பதிவு ஏறக்குறைய இப்படியிருந்தது: 7.40, சட்டை அளவு கேட்டவருக்குப் பதில், முடிந்தது. 8.15, மகளின் வகுப்புக் குறூப், வீட்டுவேலை, பிறகு முகநூல். 9.30, அவர் ஒன்லைனா என்று பார்க்க, டிக்டொக். 9.50, அவர் ஒன்லைனா, டிக்டொக். 10.20, அதே. 11.35, அழைப்பு வந்தது. 12.10, நித்திரை வரவில்லை, முகநூல். அதற்கடுத்த வரியில் நேரம் மட்டும் இருந்தது: 1.40.

கேட்டபோது அவர் சொன்னது: "சும்மா தள்ளிக்கிட்டே போவன் மிஸ். என்னத்தப் பார்த்தனெண்டு கேட்டாச் சொல்லத் தெரியா."

இந்தப் பக்கங்களை வைத்துப் பார்த்தபோது, பிரச்சினை முழு நாளிலும் பரவிக் கிடக்கவில்லை என்பது தெளிவாயிற்று. பகலில் அவரது பாவனை குறுகியதும் காரியத்தோடு முடிவதுமாக இருந்தது. இரவு ஒன்பதரைக்கும் பதினொன்றரைக்கும் இடையிலுள்ள காத்திருப்பும், அழைப்பு முடிந்த பின்னரான விழிப்புமே பெரும் பகுதியை விழுங்கின. காத்திருப்பு ஏன் பதினொன்றரை வரை நீள்கிறது என்பதற்கு விடை எளிமையானது. கட்டாரின் நேரம் இலங்கை நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பின்தங்கியது. கணவர் வேலை முடிந்து, பஸ்ஸில் முகாமுக்குத் திரும்பி, குளித்து, முறைவைத்துச் சமைத்துச் சாப்பிட்டு, வைஃபை நன்றாகக் கிடைக்கும் மாடிப்படியில் வந்து நிற்கும்போது அங்கே ஒன்பது மணி, இங்கே பதினொன்றரை. காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, ஏழரைக்குத் தொடங்கும் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பவேண்டிய ஒருவருக்கு, வயதுவந்தோருக்குப் பரிந்துரைக்கப்படும் ஏழு மணித்தியால நித்திரை இந்த ஏற்பாட்டில் எப்படியும் கிடைக்காது. முகநூலையும் டிக்டொக்கையும் முற்றாக அழித்துவிட்டாலும் அவர் பன்னிரண்டு மணிக்குத்தான் படுத்திருப்பார்.

இதனோடு இன்னொரு முடிச்சும் இருந்தது. அழைப்புக்கு முன்னர் வாட்ஸ்அப்பில் கணவரின் 'கடைசியாகப் பார்த்த நேரத்தை' இவர் பார்ப்பதும், அழைப்பு முடிந்த பின்னரும் இவர் ஒன்லைனில் இருப்பதைக் கணவர் அங்கிருந்து பார்த்து "இன்னும் யாரோட?" என்று கேட்பதும் வழக்கமாகிவிட்டிருந்தன. ஒருவரையொருவர் காணமுடியாத இருவருக்கு 'ஒன்லைன்' என்ற அந்தச் சிறிய சொல் சந்தேகத்தையே வளர்த்தது. நெஞ்சுப் படபடப்பு பெரும்பாலும் எப்போது வருகிறது என்று கேட்டதற்கு, "அவர் பார்த்திட்டும் பதில் போடாத நேரத்தில" என்றார்.

நேரத்தை மாற்றியது

ஆகவே மட்டுப்படுத்தலின் முதற்படி எந்தச் செயலியையும் தொடவில்லை; அழைப்பின் நேரத்தை மாற்றுவதாகவே இருந்தது. இதற்குக் கணவர் உடன்படவேண்டியிருந்ததால், அவரது விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையொன்றில், இவரது சம்மதத்தோடு மூவருமாகப் பேசினோம். மனைவியின் நித்திரையின்மை தனது அழைப்பு நேரத்தோடு தொடர்புடையது என்பதை அவர் அதுவரை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. "பிந்தி எடுத்தா கோவிப்பாள் எண்டுதான் ஓடிவந்து எடுக்கிற" என்றார்.

நல்லகாலம், அது ஜூன் மாதமாக இருந்தது. கட்டாரில் 2021 முதல் ஆண்டுதோறும் ஜூன் 1 தொடக்கம் செப்டெம்பர் 15 வரை, முற்பகல் 10.00 இலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்த வெளியில் வேலை வாங்குவது வெப்பம் காரணமாகத் தடைசெய்யப்பட்டிருக்கிறது. இந்த ஓய்வு நேரத்தில் கணவரை முகாமுக்கு அழைத்துச் சென்றுவிடுவார்கள். அங்கே நண்பகல் என்றால் இங்கே பிற்பகல் இரண்டரை. பிள்ளைகள் பாடசாலை விட்டு வந்து சாப்பிட்டு முடித்து, ரியூசனுக்குக் கிளம்பும் முன்னரான நேரம். பிள்ளைகளும் தகப்பனோடு பேசலாம். இரவு அழைப்பு நிறுத்தப்பட்டு இந்த நேரத்துக்கு மாற்றப்பட்டது.

அதன் பின்னரே மற்றவை வந்தன. டிக்டொக் செயலி நீக்கப்பட்டது. அதில் அவருக்குத் தெரிந்தவர்களும் இல்லை, தொழிலும் இல்லை. முகநூல் பகலுணவுக்குப் பின்னர் இருபது நிமிடத்துக்குள் என்று வரையறுக்கப்பட்டு, கைத்தொலைபேசியின் அமைப்பிலேயே செயலிக்கான நேர எல்லை போடப்பட்டது. வாட்ஸ்அப்பில் ஓடர்களுக்குப் பதிலளிப்பது இரவு எட்டு மணியோடு முடியும் என்பதை ஸ்டேட்டஸிலேயே அறிவித்தார்; வாடிக்கையாளர் எவரும் அதற்காக விலகிப் போகவில்லை. 'கடைசியாகப் பார்த்த நேரம்', ஒன்லைன் நிலை, நீலச் சரிக்குறி ஆகியவற்றைக் கணவன் மனைவி இருவரும் ஒரே நாளில் மறைத்தார்கள். ஒருவர் மட்டும் மறைத்தால் அதுவே புதிய சண்டைக்குக் காரணமாகியிருக்கும்.

குடும்பக் குறூப்புகளைவிட்டு விலகுவது பற்றிப் பேச்செழுந்தபோது அவர் உறுதியாக மறுத்தார். மச்சாள்மார் இருக்கும் குறூப்பிலிருந்து பெயர் காணாமற்போனால், கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றே ஊரில் எடுப்பார்கள். கலியாணவீட்டில் முகம் கொடுக்க முடியாது. அவர் சொன்னது சரி. ஆகவே எல்லாக் குறூப்புகளும் நிரந்தரமாக ஒலியடக்கப்பட்டு, வாட்ஸ்அப்பின் காப்பகப் (archive) பகுதிக்குள் தள்ளப்பட்டன. அவர் உள்ளேயே இருந்தார், ஆனால் குறூப் அவரைக் கூப்பிடவில்லை.

கைத்தொலைபேசியை இரவு ஒன்பதரைக்குத் தையல் மெஷினின் லாச்சிக்குள் வைப்பது என்று முடிவானது. படுக்கை நித்திரைக்கு மட்டும் என்பது நித்திரையின்மைக்கான நடத்தைச் சிகிச்சையில் நெடுங்காலமாகக் கையாளப்படும் விதி. இதற்கு ஒரு நடைமுறைத் தடை இருந்தது: அதிகாலையில் எழுப்புவதும் அதே தொலைபேசிதான். கல்முனைச் சந்தையில் ஒரு அலாரம் மணிக்கூடு வாங்கினார். இவ்வளவு பேச்சுக்கும் ஆலோசனைக்கும் நடுவில், அந்த மணிக்கூடு செய்த வேலையை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். தொலைபேசியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோவதற்கு வீட்டில் எஞ்சியிருந்த ஒரே நியாயமும் அதனோடு போய்விட்டது.

முதற் பத்து நாட்கள் கடினமாகவே போயின. ஒன்பதரைக்குப் பின்னர் கைக்கு ஏதாவது வேண்டும் என்றார். மகள் பக்கத்தில் அமர்ந்து பாடம் படிக்க, இவர் சட்டைகளுக்கு ஹூக் தைப்பதையும் ஓரம் மடித்துத் தைப்பதையும் அந்த நேரத்துக்கு ஒதுக்கினார். தாயார் விறாந்தையில் வெற்றிலைத் தட்டத்தோடு வந்து அமர்ந்தார். ஒரு நாள் மகளோடு சண்டை, இன்னொரு நாள் லாச்சியைத் திறந்து நள்ளிரவு வரை முகநூல். இவையும் கொப்பியில் உள்ளன. நான்காம் வாரமளவில் பதினொரு மணிக்கு முன்னர் நித்திரை வரத்தொடங்கியது.

செப்டெம்பர் 15 இற்குப் பின்

இந்த ஏற்பாடு கோடைகால ஓய்வு நேரத்தின் மேல் கட்டப்பட்டது என்பதும், செப்டெம்பர் நடுப்பகுதிக்குப் பின்னர் அது நிலைக்காது என்பதும் தொடக்கத்திலேயே இருவருக்கும் சொல்லப்பட்டிருந்தது. எதிர்பார்த்தபடியே, நண்பகல் ஓய்வு சுருங்கிக் கணவர் வேலைத்தளத்திலேயே மதிய உணவை முடிக்கவேண்டி வந்ததும், இரவு அழைப்பு மீண்டது, இரண்டு வாரங்களுக்குள் தொலைபேசி லாச்சியிலிருந்து தலைமாட்டுக்கு வந்தது, தலையிடியும் திரும்பியது. ஆய்வு நோக்கில் பார்த்தால் இந்தப் பின்னடைவு பயனுள்ளது. செயலி எல்லைகள் எல்லாம் அப்படியே இருந்தும், அழைப்பின் நேரம் நகர்ந்தவுடன் மற்ற அனைத்தும் அதன் பின்னே நகர்ந்தன.

இரண்டாவது ஏற்பாடு அதிகாலையைச் சுற்றியது. கட்டாரில் வேலைக்குக் கிளம்பும் முன்னர் நான்கு மணிக்குக் கணவர் எடுக்கிறார். இங்கே ஆறரை, பிள்ளைகள் சீருடையோடு நிற்கும் நேரம். ஐந்து நிமிடப் பேச்சு, முகம் பார்த்தல், அவ்வளவுதான். நடுப்பகலில் குரற்செய்தி போடுகிறார். இவர் தைத்துக்கொண்டே கேட்டுப் பதில் அனுப்புகிறார். வீட்டுக் கணக்கு, கடன், கட்டடச் சாமான் விலை முதலிய பாரமான விடயங்கள் எல்லாம் வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணி அழைப்புக்கு ஒதுக்கப்பட்டன. படுக்கப்போகும் நேரத்தில் பணம் பற்றிப் பேசாதிருப்பதே நித்திரைக்குப் பெரும் உதவி என்று பின்னர் அவரே சொன்னார்.

ஆய்வுகளோடு ஒப்பிடுகையில்

பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மாணவர்கள் 143 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வில், முகநூல், இன்ஸ்டகிராம், ஸ்னப்சட் ஒவ்வொன்றையும் நாளுக்கு 10 நிமிடமாக மூன்று வாரங்களுக்கு மட்டுப்படுத்தியவர்களிடம் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று: எதையும் மட்டுப்படுத்தாமல் தமது பாவனையைக் கவனித்து மட்டும் வந்த குழுவிலும் பதற்றம் குறைந்திருந்தது. கணிதக் கொப்பியின் பின்பக்கங்கள் வெறும் தகவல் திரட்டலாக மட்டும் இருந்திருக்காது என்று கருத இது இடந்தருகிறது.

2020 இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், 2018 இடைக்காலத் தேர்தலுக்கு முன்னர் நான்கு வாரங்கள் முகநூல் கணக்கை முடக்கி வைத்தவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணித்தியாலம் மிஞ்சியது. அவர்களது நலவுணர்வு கூடியது, ஆனால் சிறிதளவே. நாட்டு நடப்புப் பற்றிய அறிவு குறைந்தது. இந்தக் கடைசி முடிவை மட்டக்களப்பில் இருந்துகொண்டு அலட்சியம் செய்யமுடியாது. 2024 நவம்பர் இறுதியில் கிழக்கை வெள்ளம் சூழ்ந்தபோது, எந்த வீதி மூடப்பட்டது, எந்தப் பாடசாலையில் முகாம் என்ற செய்திகள் வாட்ஸ்அப் வழியேதான் கிராமங்களை எட்டின. ஆகவே மாரி மாதங்களில் கிராமக் குறூப் ஒன்று மட்டும் ஒலியடக்கத்திலிருந்து விடுவிக்கப்படும் என்பதும் இவரது ஏற்பாட்டில் சேர்க்கப்பட்டது.

முற்றாக நிறுத்துவது பற்றிய அச்சத்துக்கு இவரிடம் இன்னொரு வேரும் இருந்தது. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பின்னர் சமூக ஊடகங்கள் நாடு முழுவதும் முடக்கப்பட்டன. கணவரின் முதற் பயணக் காலம் அது. நகரத்துக்குச் சென்றிருந்த உறவினர் பத்திரமாக இருக்கிறார் என்பதைக்கூட அவருக்குத் தெரிவிக்க இவர் பட்ட பாட்டை விபரிக்கும்போது குரல் மாறியது. அப்படியான நினைவுள்ளவரிடம் 'டிஜிட்டல் நோன்பு' பற்றிப் பேசுவது பொருத்தமற்றது.

யார் மட்டுப்படுத்துவது

இந்நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். நம் ஊர்களில் ஒரு பெண் தொலைபேசியில் செலவிடும் நேரம் உடல்நலப் பிரச்சினையாகப் பார்க்கப்படும் முன்னரே ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்க்கப்பட்டுவிடுகிறது. இவரது சகோதரர் ஒருவர் இடையில் வந்து, கடவுச்சொல்லைத் தன்னிடம் தரச் சொல்லுமாறும், தொலைபேசியைப் பறித்துச் சாதாரண பட்டன் போன் ஒன்றைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் என்னிடம் கேட்டார். அது மறுக்கப்பட்டது. எல்லை போடுபவர் பாவிப்பவராக இருக்கும்போதுதான் மேலே சொன்ன ஆய்வுகளின் முடிவுகள் பொருந்தும். பிறர் பறித்தால் அது கண்காணிப்பு. வீட்டில் வன்முறை இருக்கும் பெண்களிடம் தொலைபேசியைக் குறைக்கச் சொல்வது ஆபத்தும்கூட, ஏனெனில் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அழைப்பதற்கு அவர்களிடம் இருப்பது அது ஒன்றுதான். இவரது வீட்டில் அவ்வாறான நிலை இல்லை என்பது தனியாகப் பேசி உறுதிசெய்யப்பட்ட பின்னரே திட்டம் தொடங்கப்பட்டது.

தற்போதைய நிலை

ஆறு மாதங்களின் பின்னர் மீளவும் நிரப்பப்பட்ட பி.எச்.கியூ-9 படிவத்தில் புள்ளி மெல்லிய மட்டத்துக்கு இறங்கியிருந்தது. தலையிடி எப்போதாவது வருகிறது. பனடோல் வாங்குவது குறைந்திருக்கிறது. குடிபுகும் வீட்டுப் படங்களைப் பார்த்தால் இன்னும் மனம் சுருங்குவதாகவும், ஆனால் பகலில் பார்ப்பதால் அடுத்த வேலை வந்து அதை மறக்கடித்துவிடுவதாகவும் சொல்கிறார். இந்த முன்னேற்றத்தை முழுவதுமாகச் சமூக ஊடக மட்டுப்படுத்தலின் கணக்கில் எழுதமுடியாது. அதே காலத்தில் இரும்புச்சத்து மாத்திரை முடிந்து இரத்தச்சோகை சீரானது. நுண்கடன் ஒன்று கட்டித் தீர்க்கப்பட்டது. கணவனுக்கும் மனைவிக்கும் இடையிலான பேச்சின் தன்மையே மாறியது. இவற்றில் எது எவ்வளவு உதவியது என்பதை ஒரு நிகழ்வை வைத்துப் பிரித்துச் சொல்ல இயலாது. பின்னடைவின்போது தலையிடி திரும்பியதும், இரண்டாவது ஏற்பாட்டோடு மீண்டும் குறைந்ததும் மட்டுமே இரவு நேரப் பாவனையின் பங்கை ஓரளவு சுட்டுகின்றன.

தீராத ஒன்று மகளின் விடயம். வகுப்பு ஆசிரியர்கள் வீட்டுவேலைகளை வாட்ஸ்அப் குறூப்பிலேயே, பெரும்பாலும் இரவு எட்டு மணிக்குப் பின்னர், அனுப்புகிறார்கள். அதற்காக லாச்சி ஒன்பதரைக்குப் பின்னரும் பலமுறை திறக்கப்படுகிறது. தனக்கென ஒரு தொலைபேசி வேண்டும் என்று மகள் கேட்கத் தொடங்கியிருக்கிறாள். வீட்டுவேலையை மாலை ஆறு மணிக்கு முன்னர் அனுப்ப முடியுமா என்று வகுப்பாசிரியரிடம் கேட்பதற்குத் தாய் இணங்கியுள்ளார். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதைப் பேசவிருக்கிறார்.